அதுவே பார்த்துக்கொள்ளுமா?



தவணைத் தொடக்கப் பரபரப்பில் சில வாரங்களாக இங்கே எதுவும் எழுத இயலவில்லை. பொறுத்தருள்க. இன்றைய பதிவு இலக்கணம் பற்றியதோ வாய்மொழித் தேர்வு பற்றியதோ அன்று. கணினி வழங்கிகளைப் பற்றியது. தொடக்கப்பள்ளித் தமிழாசிரியைக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. முழுவதும் படித்துவிட்டுப் பிறகு கேளுங்கள்.

சனிக்கிழமைகளில் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு கடைவீட்டின் மாடியில் நாங்கள் சிலர் ஊதியமின்றித் தமிழ் வகுப்பு நடத்தி வருவதை இங்கு வழக்கமாக வருவோர் அறிவீர்கள். ஒவ்வொரு பிள்ளையும் வாரம் ஒருமுறை இரண்டு நிமிடம் தமிழில் பேசி, அதனை ஒலிப்பதிவு செய்து அனுப்ப வேண்டும் என்பது எங்கள் வகுப்பின் வழக்கம். அப்பதிவுகளை வைத்துக்கொள்வதற்காக ஒரு சிறிய வழங்கியை, நாம் சர்வர் என்று சொல்வதை, மாத வாடகைக்கு எடுத்திருக்கிறோம்.

சென்ற மாதக் கூட்டத்தில் ஏற்பாட்டுக் குழுவினர் ஒரு திட்டத்தை முன்வைத்தனர். தொடர்ந்து மூன்று வாரம் ஒலிப்பதிவு அனுப்பாத பிள்ளையை வழங்கியே கண்டுபிடிக்கும். பெற்றோருக்கு ஒரு குறுஞ்செய்தி போகும். பிள்ளையின் கணக்கு நீக்கப்படும். காத்திருப்போர் பட்டியலில் அடுத்து நிற்கும் பிள்ளைக்கு அந்த இடம் போய்விடும். யாரும் யாரையும் தொலைபேசியில் அழைக்க வேண்டியதில்லை; யாரும் மனம் நோகப் பேச வேண்டியதில்லை. “எல்லாத்தையும் அதுவே பார்த்துக்கும் டீச்சர்” என்றார் ஒரு தந்தை. அறையில் இருந்த அனைவரும் தலையசைத்தனர். நான் ஒருத்தி மட்டும் மறுத்தேன். ஏன் மறுத்தேன் என்பதைக் கூட்டத்தில் ஒழுங்காகச் சொல்ல இயலவில்லை. நேரம் இல்லை, எனக்குக் கொஞ்சம் கோபமும் வந்துவிட்டது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

முதலில், ‘அதுவே பார்த்துக்கொள்ளும்’ என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வழங்கிகளைக் கண்காணிக்கும் மென்பொருள்கள் நெடுங்காலமாக இருக்கின்றன. அவற்றுள் பலரும் அறிந்த நேகியோஸ் 1999-இல் வேறு பெயரில் வெளிவந்து, 2002-இல் இப்பெயரைப் பெற்றது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது வழங்கியின் நாடியைப் பிடித்துப் பார்க்கும். இணையப்பக்கம் பதில் தருகிறதா, வன்தட்டில் இடம் இருக்கிறதா, நினைவகம் நிரம்பிவிட்டதா என்று சோதிக்கும். ஏதேனும் ஒன்று வரம்பைத் தாண்டினால் அது ஒரு ‘நிகழ்வு’. அந்நிகழ்வு நேர்ந்தவுடன், நாம் முன்கூட்டியே எழுதி வைத்த ஒரு சிறுநிரலை, ஸ்கிரிப்ட் என்பதை, அது இயக்கிவிடும். நின்றுபோன சேவையை அச்சிறுநிரல் மீண்டும் தொடங்கலாம். பழைய கோப்புகளை அழிக்கலாம். ஒரு கணக்கைப் பூட்டலாம். நள்ளிரவு இரண்டு மணிக்கு நாம் உறங்கிக்கொண்டிருக்கையில் இவ்வளவும் நடக்கும்.

அம்மென்பொருளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. முதல் முறை பதில் வராவிட்டால் ‘போய்விட்டது’ என்று அது உடனே முடிவு கட்டுவதில்லை. மனத்தில் குறித்துக்கொண்டு மீண்டும் மீண்டும் சோதிக்கிறது. குறித்த எண்ணிக்கை வரை தோல்வி தொடர்ந்தால்தான் உறுதியான பழுது என்று அறிவித்து, பொறுப்பில் உள்ளவருக்குச் செய்தி அனுப்புகிறது. அதன் கையேட்டில் எடுத்துக்காட்டாகத் தரப்பட்டுள்ள சிறுநிரல், மூன்றாம் சோதனையிலும் பதில் வராதபோதுதான் சேவையை மீண்டும் தொடங்கிப் பார்க்கிறது. அதுவும் பலிக்கவில்லையென்றால் ஆளுக்குத் தகவல் போகிறது. பொறுத்துப் பார்த்தல், சிறிய மருந்தை முதலில் தருதல், தீராவிட்டால் மனிதரை அழைத்தல் என்ற மூன்றும் அதில் உள்ளன. தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி பெற்ற காலத்தில், வகுப்பில் அடங்காத பிள்ளையை எப்படிக் கையாள்வது என்று எங்களுக்குச் சொல்லித் தந்ததும் ஏறக்குறைய இதுவே.

ஆகவே கருவியின்மீது எனக்குப் பகையில்லை. அக்கருவியிடம் நாம் எதை ஒப்படைக்கிறோம், ஒப்படைத்துவிட்டு நாம் எங்கே போய்விடுகிறோம் என்பதே என் கேள்வி. இதை எங்கோ படித்துவிட்டுக் கேட்கவில்லை. நானே செய்த ஒரு பிழையிலிருந்து கேட்கிறேன்.

முந்தைய ஓராண்டில் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு செயல்திட்டம் தந்திருந்தோம். தேக்காச் சந்தை 1982-இல் இப்போதைய கட்டடத்துக்கு மாறுவதற்கு முன் எப்படி இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். பிள்ளைகள் ஆர்வத்தோடு செய்தார்கள். கறிக்கடைச் சத்தம், மழைநீர் தேங்கிய தரை, தலையில் கூடை சுமந்து வந்த பாட்டிமார், ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் மாட்டு வண்டி பார்த்த நினைவு என்று, எந்த நூலிலும் கிடைக்காத செய்திகள் வந்தன. எல்லாம் எங்கள் வழங்கியில் இருந்தன.

வன்தட்டு அடிக்கடி நிரம்பியது. என் முன்னாள் மாணவர் ஒருவர், இப்போது பொறியாளர், அன்போடு வந்து ஒரு சிறுநிரல் எழுதித் தந்தார். வன்தட்டு நூற்றுக்குத் தொண்ணூறு நிரம்பினால், மிகப் பழைய கோப்பிலிருந்து தொடங்கி இடம் கிடைக்கும் வரை அழித்துக்கொண்டே வரும். “இனிமே நீங்க கவலையே பட வேண்டாம் டீச்சர்” என்றார். நானும் கவலைப்படுவதை விட்டுவிட்டேன்.

டிசம்பர் விடுமுறையில் ஒரு பிள்ளையின் கைப்பேசியில் ஏதோ கோளாறு. ஒரே பதிவை அது விடிய விடிய அனுப்பிக்கொண்டே இருந்தது. வன்தட்டு நிரம்பியது. சிறுநிரல் பழையவற்றை அழித்து இடம் செய்தது. மீண்டும் நிரம்பியது, மீண்டும் அழித்தது. மூன்று நாள் இது நடந்தது. ஒவ்வொரு முறையும் மின்னஞ்சல் வந்திருந்தது. யாரும் திறந்து பார்க்காத ஒரு முகவரிக்கு. நாள்தோறும் வரும் நிலை அறிக்கையோ ‘நலம்’ என்றே சொன்னது. ஏனெனில் வன்தட்டு தொண்ணூறைத் தாண்டி நிற்கவே இல்லை. விடுமுறை முடிந்து நான் திறந்து பார்த்தபோது, ‘எனக்குப் பிடித்த விளையாட்டு’ என்ற இரண்டு நிமிடப் பேச்சு ஆயிரக்கணக்கில் இருந்தது. தேக்காச் சந்தைப் பதிவுகளில் ஒன்றுகூட இல்லை. நகல் எடுத்து வைக்காதது என் குற்றம், அதை மறைக்கவில்லை. பேசிய பெரியவர்களுள் ஒருவர் அதற்கு முந்தைய மாதம்தான் காலமாகியிருந்தார். அவருடைய பேத்தி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. “தாத்தா பேசினது உங்ககிட்ட இருக்குதானே டீச்சர்?”

அந்தச் சிறுநிரலில் ஒரு வரிகூடப் பிழையில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தது. அது நோயைத் தீர்க்கவில்லை. காய்ச்சல் தெரியாதபடி மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தது. மூன்று நாள் அதன் வேலை எங்கள் கண்ணை மூடியது. அது இல்லாதிருந்தால் முதல் இரவே வன்தட்டு நிரம்பி, வழங்கி நின்று, யாரேனும் ஒரு பெற்றோர் என்னை அழைத்திருப்பார். புதிய பதிவுகள் சில போயிருக்கும். பழையவை பிழைத்திருக்கும்.

என் கதை சிறிது. இதே பாடத்தைப் பெரிய அளவில் கற்ற நாடு நம்முடையது. 2018 ஜூலை 20 அன்று வெளியான செய்தியை நினைவுகூருங்கள். சிங்ஹெல்த் குழும மருத்துவமனைகளுக்கும் மருந்தகங்களுக்கும் சென்ற 15 இலட்சம் பேரின் சொந்த விவரங்கள் களவு போயின. அவர்களுள் 1,60,000 பேருக்குத் தரப்பட்ட மருந்துகளின் விவரமும் போயிற்று. அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரமும் அதில் அடங்கும். ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை அக்களவு நடந்தது. உயர்மட்ட விசாரணைக் குழு அமைக்கப்பட்டு, அதன் பொது அறிக்கை 2019 ஜனவரி 10 அன்று வெளிவந்தது. ஆசிரியர்களும் படிக்க வேண்டிய ஆவணம் அது என்பேன்.

அதில் இரு வகை மனிதர்கள் வருகிறார்கள். ஜூலை 4 அன்று, தரவுத்தளத்தைப் பராமரித்த ஒரு நிர்வாகி, வழக்கத்திற்கு மாறான வினவல்கள் ஓடுவதைக் கண்டார். ‘ஏதோ மெதுவாக இருக்கிறது’ என்று விட்டுவிடாமல் தோண்டிப் பார்த்தார். ஓடிக்கொண்டிருந்த வினவலை நிறுத்தினார். அதே போன்றது மீண்டும் வந்தால் தானாகவே நிறுத்தும் சிறுநிரலையும் இயக்கினார். அன்றோடு களவு நின்றது. தானியங்கிச் சிறுநிரலுக்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? அதை நான் மறுக்கவில்லை, பெருமையோடு சொல்கிறேன். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஒரு மனிதர் ஐயப்பட்டார். பிறகு அவர் தேடினார். அதன் பிறகே கருவிக்கு ஒரே ஒரு குறுகிய வேலை தரப்பட்டது: இந்த வினவல் வந்தால் நிறுத்து. நிறுத்தியதால் எந்த நோயாளியின் பதிவும் அழியவில்லை.

மற்ற வகையினரைப் பாருங்கள். ஜூன் 11 முதலே, தரவுத்தளத்தில் நுழைய யாரோ முயன்று தோற்பதை ஊழியர் சிலர் கண்டிருந்தனர். தங்களுக்குள் பேசிக்கொண்டனர். ஆனால் முறையாக மேலே சொல்ல வேண்டிய பொறுப்பில் இருந்தோர் உரிய காலத்தில் சொல்லவில்லை. சொன்னால் இரவு பகல் என்றில்லாமல் வேலை வந்து சேரும் என்ற தயக்கமும் அதற்கு ஒரு காரணம் என்பது விசாரணையில் வெளிவந்தது. ஜூலை 4 அன்று களவு நின்ற பிறகும், தேசிய அளவில் இணையப் பாதுகாப்புக்குப் பொறுப்பான அமைப்புக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது ஜூலை 10 அன்றுதான். எச்சரிக்கை அடித்தது, கேட்டவர்களும் இருந்தனர், ‘இது என் மணி, நான்தான் எழுந்து போக வேண்டும்’ என்று எண்ணியவர் இல்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையம், தகவல் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த நிறுவனத்துக்கு 7,50,000 வெள்ளியும் சிங்ஹெல்த்துக்கு 2,50,000 வெள்ளியும் அபராதம் விதித்தது. அபராதங்களை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். தம் கடமைக்கு மேலாக உழைத்த ஊழியர் மூவரை அதே நிறுவனம் கடிதம் தந்து பாராட்டியது என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

‘இதிலிருந்தே தெரிகிறதே, தவறு மனிதர்களுடையது, மனிதரை நீக்கிவிட்டால் சரியாகிவிடுமே’ என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். வலுவான வாதம். அதற்கு உதவியாக இன்னொரு சான்றை நானே தருகிறேன்.

2010 ஜூலை 5, திங்கட்கிழமை. விடியற்காலை மூன்று மணி அளவில் டிபிஎஸ் வங்கியின் சேவைகள் தீவு முழுவதும் நின்றன. காலையில் சம்பளப் பணம் எடுக்க, மளிகை வாங்க, பேருந்துக் கட்டணத்துக்குப் பணம் நிரப்பப் போனவர்கள் இயந்திரங்களின் முன் நின்று திரும்பினர். ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஆயிற்று. நடந்தது என்னவென்று வங்கியின் தலைமை நிர்வாகி பின்னர் வாடிக்கையாளர்களுக்கு எழுதினார். இரண்டு நாளுக்கு முன், ஜூலை 3 அன்று, வங்கியின் சேமிப்பகக் கருவியில் ஓர் இணைப்பு நிலையாக இல்லை என்று ஐபிஎம் நிறுவனத்தின் கண்காணிப்பு மென்பொருள் எச்சரிக்கை அனுப்பியது. சேவைக்கு அப்போது எந்தக் கேடும் இல்லை. பொறியாளர் வந்தார். கம்பி வடத்தை மாற்றினார். எச்சரிக்கை நிற்கவில்லை. மீண்டும் மாற்றினார். அவர் பின்பற்றிய வழிமுறை, கையேட்டில் உள்ள முறை அன்று, காலாவதியானது. அதனால் பிழைகள் பெருகின. தரவு கெட்டுவிடும் என்று உணர்ந்த சேமிப்பகம், தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே முதன்மைக் கணினியுடன் பேச்சை நிறுத்திக்கொண்டது. வங்கி நின்றது. சிங்கப்பூர் நாணய வாரியம் வங்கியைக் கண்டித்து, ஏறத்தாழ 23 கோடி வெள்ளியைக் கூடுதல் மூலதனமாக ஒதுக்கி வைக்கச் செய்தது.

இதில் மனிதர் செய்தது தவறு. இயந்திரம் செய்தது சரி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மனிதர் ஏன் தவறினார்? சிந்திக்காமல், கொடுத்த படிகளைக் கொடுத்தபடி செய்தார். முதல் முறை பலிக்காததையே இரண்டாம் முறையும் செய்தார். அதாவது, ஒரு சிறுநிரலைப் போல நடந்துகொண்டார். மனிதரை நீக்கிவிட்டு அதே பழைய படிகளை இயந்திரத்திடம் கொடுத்திருந்தால், அது அதே தவற்றை நொடியில் செய்திருக்கும். இரண்டு முறையோடு நின்றிருக்குமா என்பதும் ஐயமே. இயந்திரம் செய்த சரியான செயல் எது? நிறுத்தியது. எதையும் அழிக்கவில்லை, தனக்குத் தெரியாததைத் திருத்த முயலவில்லை. பேச்சை நிறுத்தி, தரவைக் காத்து, மனிதருக்காகக் காத்திருந்தது. ஏழு மணி நேரம் நமக்குத் தொல்லை. ஆனால் பாட்டியின் சேமிப்புக் கணக்கில் இருந்த பணம் பத்திரமாக இருந்தது.

முழுதும் இயந்திரத்திடம் விட்டதன் விளைவுக்கும் சான்று உண்டு. நிரலாளர்கள் தங்கள் நிரல்களை வைத்துக்கொள்ளும் கிட்ஹப் தளத்தில், 2018 அக்டோபர் 21 அன்று, அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஒரு கருவியை மாற்றும்போது இணைப்பு 43 நொடி அறுந்தது. நாற்பத்து மூன்றே நொடி! நம் வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கக்கூட அந்த நேரம் போதாது. ஆனால் தரவுத்தளங்களை மேற்பார்வையிட்ட தானியங்கி நிரல், கிழக்குக் கரை போய்விட்டது என்று முடிவு செய்து, மேற்குக் கரைத் தரவுத்தளங்களைத் தலைமையாக்கிவிட்டது. இணைப்பு திரும்பியபோது இரு கரையிலும் மற்றொன்றிடம் இல்லாத புதிய பதிவுகள் இருந்தன. எது உண்மைப் பிரதி? அதைப் பிரித்து, சரிபார்த்து, சேர்த்து, தளம் முழுநிலைக்குத் திரும்ப 24 மணி நேரமும் 11 நிமிடமும் ஆயின. அங்கும் நிரல் எழுதியபடியே ஓடியது. ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் தானாகவே தீர்ந்திருக்கும் சிக்கலை, விரைந்து தீர்க்கப் போய் ஒரு நாள் சிக்கலாக்கியது.

இப்போது நம் பள்ளிகளுக்கு வருவோம். தீயணைப்புப் பயிற்சி நடக்காத பள்ளி இங்கே இல்லை. மணி தானாக அடிக்கிறது. மின்தூக்கி தானாகத் தரைத்தளத்துக்கு இறங்கி நின்றுவிடுகிறது. அவற்றை இயந்திரத்திடம் விட்டது சரியே. யாரும் ஒவ்வொரு மாடியாக ஓடி மணி அடிக்க வேண்டியதில்லை. தவறாக அடித்தாலும் கேடில்லை. வெயிலில் கால்மணி நேரம் நின்றுவிட்டு வகுப்புக்குத் திரும்புவோம். ஆனால் திடலில் வரிசையாக நிறுத்தியதும் என்ன செய்கிறோம்? ஒவ்வொரு ஆசிரியரும் தம் வகுப்பின் தலைகளை எண்ணுகிறோம். ஒன்று குறைந்தால் கையை உயர்த்திச் சொல்கிறோம். கழிப்பறையில் இருக்கிறானா, மருத்துவ விடுப்பில் இருக்கிறானா என்று தேடுகிறோம். ‘மணி அடித்துவிட்டது, இனி அதுவே பார்த்துக்கொள்ளும்’ என்று யாரேனும் எந்தப் பள்ளியிலாவது சொல்லியிருக்கிறோமா? தீக்குச் சொல்லாததை ஒலிப்பதிவுக்கு மட்டும் ஏன் சொல்கிறோம்?

உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு 2024 ஆகஸ்ட் 4 மறந்திருக்காது. பிள்ளைகளின் ஐபேட், குரோம்புக் கருவிகளை மேலாண்மை செய்ய நிறுவப்பட்டிருந்த மொபைல் கார்டியன் என்னும் செயலியின் வழங்கியில் யாரோ அத்துமீறி நுழைந்தனர். 26 உயர்நிலைப்பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவர்களின் கருவிகளில் இருந்தவை தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. தேர்வுக் காலம் நெருங்கும் வேளையில் குறிப்புகளை இழந்து பிள்ளைகள் தவித்தனர். கல்வி அமைச்சு அச்செயலியை எல்லாக் கருவிகளிலிருந்தும் நீக்கியது. அங்கே கேடு செய்தது ஒரு நிகழ்வைக் கண்டு தானாக ஓடிய சிறுநிரல் அன்று, அயலார் கை. அதை இங்கே ஏன் சொல்கிறேன்? அழிக்கும் அதிகாரம் வழங்கியில் முன்பே வைக்கப்பட்டிருந்ததால்தான் அந்தக் கைக்கு அது கிட்டியது. கருவி தொலைந்துபோனால் உதவட்டும் என்று நல்ல எண்ணத்தோடு வைக்கப்படும் அதிகாரம் அது. பூட்டின் சாவியை வாசலிலேயே தொங்கவிட்டால் அதை எடுப்பவர் எல்லோரும் வீட்டுக்காரராக இருக்க வேண்டியதில்லை. ஒரு சிறுநிரலுக்கு எவ்வளவு அதிகாரம் தருகிறோமோ அவ்வளவும், அந்த வழங்கிக்குள் நுழைந்துவிடும் யாருக்கும் தந்ததாகும்.

ஆகவே, கணினி வல்லுநரை நோக்கி நாம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. இவற்றைக் கேட்க நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை.

இந்தச் சிறுநிரல் செய்வதைத் திரும்பப் பெற முடியுமா? மீண்டும் தொடங்குவதையும், நிறுத்துவதையும், தற்காலிகமாகப் பூட்டுவதையும் திரும்பப் பெறலாம்; அவற்றை இயந்திரத்திடம் விடலாம். அழித்தலும், நீக்குதலும், ஒருவரின் இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்தலும் அப்படியல்ல. அவற்றுக்கு ஒரு மனிதரின் ‘சரி’ வேண்டும்.

எத்தனை முறை செய்துவிட்டு நிற்கும்? லினக்ஸ் கணினிகளில் சேவைகளைத் தொடக்கும் சிஸ்டம்டி என்னும் மென்பொருள், வேறு ஏற்பாடு செய்யாதவரை, பத்து நொடிக்குள் ஐந்து முறைக்கு மேல் ஒன்றைத் தொடங்குவதில்லை. பிறகு தோற்றதாக அறிவித்துவிடும். எங்கள் சிறுநிரலுக்கு அப்படி ஒரு வரம்பு இருந்திருந்தால் தாத்தாவின் குரல் இருந்திருக்கும்.

செய்ததை யாருக்குச் சொல்லும்? ‘நிர்வாகிக்கு’ என்பது விடையன்று. இந்த வாரம் இன்னார், அடுத்த வாரம் இன்னார் என்று பெயர் வேண்டும். அவர் அச்செய்தியைப் பார்த்ததற்கு அடையாளமும் வேண்டும்.

நான்காவது கேள்வி இயந்திரத்தைப் பற்றியதன்று. செய்தி பெற்றவர் அச்சமின்றி மேலே சொல்ல முடியுமா? பொய் எச்சரிக்கையாக முடிந்தாலும் ‘ஏன் எழுப்பினாய்’ என்று கடிந்துகொள்ளாத இடமாக நம் பள்ளியும் வகுப்பும் இருக்கின்றனவா? சிங்ஹெல்த்தில் தவறியது இதுவே. தரையில் சிந்திய நீரைக் கண்டு ஓடிவந்து சொல்லும் பிள்ளையிடம் ‘நீதானே சிந்தினாய்’ என்று கேட்கும் ஆசிரியரிடம், அடுத்த முறை எந்தப் பிள்ளையும் வந்து சொல்லாது.

எங்கள் குழுவின் திட்டத்தை இந்நான்கு கேள்விகளால் அளந்து பாருங்கள். திரும்பப் பெற முடியாது. இடம் போனால் போனதுதான். முடிந்தபின் பெற்றோருக்கு ஒரு குறுஞ்செய்தி, அவ்வளவே. ஆசிரியருக்குச் செய்தியே இல்லை. ‘மனம் நோகப் பேச வேண்டியதில்லை’ என்பதை நன்மையாகச் சொல்கிறார்கள். அந்தப் பேச்சைத் தவிர்ப்பதற்காகவே இச்சிறுநிரல் வேண்டப்படுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

சென்ற தவணையில் ஒரு பையன் தொடர்ந்து மூன்று வாரம் ஒலிப்பதிவு அனுப்பவில்லை. இன்று முன்மொழியப்படும் சிறுநிரல் அன்றே ஓடியிருந்தால் அவன் பெயர் பட்டியலில் இருந்திருக்காது. நான் வீட்டுக்குத் தொலைபேசி செய்தேன். அம்மாவுக்கு வேலை இரவு நேரத்துக்கு மாறியிருந்தது. வீட்டில் உள்ள ஒரே நல்ல கைப்பேசி அவரோடு போய்விடுகிறது. பையன் மூன்று வாரமும் பேச்சைத் தயாரித்து, தாளில் எழுதி, தம்பியிடம் பேசிக் காட்டியிருக்கிறான். அடுத்த சனிக்கிழமை அந்த மூன்று தாள்களையும் கொண்டுவந்து நீட்டினான். வகுப்பில் என் கைப்பேசியிலேயே மூன்றையும் பதிவு செய்தோம். தொலைபேசியில் நான் செலவிட்டது ஆறு நிமிடம்.

வழங்கி எனக்கு மூன்றாம் வாரம் சொல்ல வேண்டாம். முதல் வாரமே சொல்லட்டும். ‘இந்தப் பிள்ளையின் குரல் வரவில்லை’ என்று சொல்லட்டும். அதற்கு ஆயிரம் சிறுநிரல் எழுதினாலும் நான் வரவேற்பேன். நாற்பது பிள்ளைகளின் பெயரை ஒவ்வொரு வாரமும் சரிபார்க்க என்னால் இயலாது, அதனால் இயலும். ஆனால் ஏன் வரவில்லை என்று கேட்க அதனால் இயலாது, நம்மால் இயலும்.

குழு இன்னும் முடிவெடுக்கவில்லை. வரும் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் மீண்டும் கூடுகிறோம். பெற்றோர்கள் தவறாமல் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் கருத்தை மறுப்போரும் வாருங்கள். அவர்கள்தாம் கட்டாயம் வர வேண்டும். இத்திட்டத்துக்கு மாற்றாக நான் வைக்கப்போவது ஒரு தாள் மட்டுமே: வாரந்தோறும் வழங்கி தரும் பட்டியலைப் பார்த்து யார் தொலைபேசி செய்வது என்ற முறைவரிசை. முதல் இரண்டு வாரங்களுக்கு என் பெயரை எழுதிவிட்டேன். மற்ற கட்டங்கள் காலியாக இருக்கின்றன.

இன்னொரு வேண்டுகோள். தேக்காச் சந்தையைப் பற்றிப் பேசக்கூடிய பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் தெரிவியுங்கள். பிள்ளைகளோடு மீண்டும் தொடங்குகிறோம். இம்முறை ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு நகல். ஒன்று உங்கள் வீட்டிலேயே இருக்கும்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியை